மைலேஜ் கேட்கக் கூடாத வண்டி

ராணுவத்துக்கென்று செய்த ஹம்வீயைப் பார்த்து நடிகர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெக்கர் ஆசைப்பட்டார். அவர் விடாமல் நச்சரித்ததும் சேர்ந்து, 1992 முதல் அது ‘ஹம்மர்’ என்ற பெயரில் அமெரிக்கப் பொதுமக்களுக்கும் கிடைத்தது. போருக்குப் பிறந்த வண்டி, பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட வரிசையில் நின்றது.

2002-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இறக்கிய எச்2 என்ற ஹம்மர், லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் சொச்சம் ஓடும். ஆனால் அதை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை. சுமையோடு சேர்த்து 8,500 பவுண்டைத் தாண்டும் வண்டிகளுக்கு, கண்ணாடியில் மைலேஜ் சீட்டு ஒட்டும் விதி அப்போது பொருந்தாது. நோஞ்சான் கார்கள்தான் கணக்கு ஒப்பிக்க வேண்டும்.

வரிச்சட்டமும் கனத்தை மதித்தது. 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டியைத் தொழிலுக்கென்று வாங்கினால், 2003-இல் ஒரு லட்சம் டாலர் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். பல் டாக்டர்கள் மலையேறித்தான் பல் பிடுங்குகிறார்கள் என்று அரசு நம்பியிருக்க வேண்டும். மறு ஆண்டே வரம்பு 25,000 டாலருக்கு இறங்கியது.

2008 கோடையில் பெட்ரோல் காலனுக்கு 4 டாலரைத் தாண்டியது. யானையை வாங்கியவர்களுக்குத் தீனிச் செலவு அப்போதுதான் உறைத்தது. விற்பனை சரிந்தது, சீன நிறுவனத்துக்குக் கைமாற்றும் பேரமும் முறிந்து, 2010-இல் ஹம்மருக்கு மூடுவிழா.

2021-இல் அது மின்சார வண்டியாகத் திரும்பிவந்தது. ஆயிரம் குதிரைத்திறன், நாலு டன்னுக்கு மேல் எடை. அதில் பேட்டரி மட்டுமே ஒரு டன்னுக்கு மேல். ஒரு சின்னக் காரின் எடையை வயிற்றில் சுமந்துகொண்டு பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறது.