பழசை நினைத்துக்கொள்ள ஓர் ஊர்

குறிஞ்சிப்பாடியை விட்டுப் போனவர்களுக்குள் ஆயிரம் சண்டை இருக்கும். ஆனால் ஊர் கெட்டுப்போய்விட்டது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடே கிடையாது. ஊரிலேயே இருப்பவர்களிடம் இந்த ஒற்றுமையைப் பார்க்க முடியாது. அவர்களுக்குச் சாக்கடை அடைப்பு, நூல் விலை, பிள்ளைக்கு வேலை என்று வேறு கவலைகள். ஊர் கெட்டுப்போனதைக் கவனிக்க அவர்களுக்கு நேரமில்லாததால் அந்தப் பொறுப்பைச் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் வந்து, தங்கி, சுற்றிப் பார்த்து, பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்புகிறோம்.

பெருமூச்சுக்கு முதல் காரணம் தெரு. எழுபதுகளின் கடைசியில் நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் நெசவாளர் தெரு என்பது நடப்பதற்கான இடம் இல்லை. பாவு நீட்டுவதற்கான இடம். விடியலுக்கு முன்பே தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கட்டைகள் நட்டு, நூலை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, பெரிய பிரஷ்ஷால் ஆளுக்கொரு பக்கமாக நின்று ஆற்றுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடியவேண்டும். வெயில் அதிகமானால் இழை முறுகும், குறைந்தால் ஒட்டிக்கொள்ளும். இந்த வேலைக்கு ஒரு வீட்டு ஆட்கள் போதாது. அதனால் முந்தின நாள் இரவு வேலிச் சண்டையில் பேச்சை நிறுத்திக்கொண்ட பங்காளிகூட காலையில் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சிவப்பு, பச்சை, கருநீலம் என்று தெருவே ஒரு பெரிய கைலியாகக் கிடக்கும். குனிந்து பாவுக்குக் கீழே நுழைந்துதான் பள்ளிக்கூடம் போகவேண்டும். தலையில் கஞ்சிப் பிசுக்கு ஒட்டியிருப்பதைப் பார்த்தே எந்தத் தெருப் பையன் என்று வாத்தியார் சொல்லிவிடுவார்.

இன்று அந்தத் தெருவில் சிமென்ட் சாலை போட்டிருக்கிறார்கள். கட்டை நட முடியாது. நட்டாலும் இரு பக்கமும் கார்கள் நிற்கின்றன. போன பொங்கலுக்கு, "இந்தத் தெருவுல இப்பல்லாம் மனுசன் நடக்க முடியுதா?" என்று நான் அலுத்துக்கொண்டபோது, எதிர் வீட்டு மாமா பதில் சொல்லாமல் என் காரைப் பார்த்தார். அவர் வீட்டு வாசல் அதன் பின்னால்தான் இருந்தது.

மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். தெருவில் இன்னும் குழித்தறியில் நெய்பவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள்; அவர்களில் ஒருவர். எங்கள் வீட்டுத் தறிக்குழியை மூடி, மேலே டைல்ஸ் போட்டு, அதன் மேல் சோபா போட்டுப் பல வருடம் ஆகிறது. மாமா வீட்டில் குழி இருக்கிறது, அதில் அவர் கால்கள் இருக்கின்றன. நாடா ஓடும் சத்தம் வாசல்வரை கேட்கிறது. என்னைப் போன்றவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நின்று, கண்ணை லேசாக மூடி, செல்போனில் பதிவு செய்துகொள்வது வழக்கம். நானும் செய்தேன். "அந்தக் காலமே தனி மாமா" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

அவர் தறியை நிறுத்தினார். "வேணும்னா ஒண்ணு பண்ணலாம். நீ வந்து இந்தக் குழியில கால வுட்டு உக்காரு. நான் உன் மெட்ராஸ் வூட்டுல போயி ஏசி போட்டுக்கினு பழச நெனச்சுக்கறேன்."

அந்தக் காலத்தில் ஐப்பசி, கார்த்திகை என்றால் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். பாவு நீட்ட வெயில் கிடையாது, நெய்யக் குழி கிடையாது, கூலி கிடையாது. மழை நிற்கும்வரை மளிகைக் கடைக் கணக்குநோட்டுதான் குடும்பத்தைக் காப்பாற்றும். என் அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே எப்போதும் ஒரு குளிர் இருந்தது. சித்திரை மாதத்திலும் கால்களைத் துணியால் சுற்றிக்கொண்டு படுப்பார். தன் பிள்ளை அந்தக் குழியில் இறங்கக் கூடாது என்பதுதான் அவர் வாழ்நாளில் போட்ட ஒரே திட்டம். அது நூற்றுக்கு நூறு நிறைவேறியது. தெரு முழுக்க எல்லா அப்பாக்களும் அதே திட்டத்தைப் போட்டார்கள், அநேகமாக எல்லோருக்கும் நிறைவேறியது. பிறகு தறி எங்கே போயிற்று என்று பிள்ளைகள் கேட்கிறோம்.

அந்தத் திட்டத்துக்கு ஒரு பெயர் இருந்தது: என்.எல்.சி., அதாவது நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்று தொடங்கும் கதையை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ராமாயணத்துக்கு முன்பே கேட்டுவிடுவோம். 1956இல் நிறுவனம் வந்தது, 1962இல் சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. நாங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பைப் பார்க்கப் போவது வெளிநாட்டுப் பயணம். நேர்கோட்டுச் சாலைகள், எண் போட்ட வட்டங்கள், வீட்டைச் சுற்றித் தோட்டம், குழாயைத் திறந்தால் தண்ணீர். ஊர் என்றால் இப்படி இருக்கவேண்டும், நம்முடையதும் இருக்கிறதே என்று பஸ்ஸில் திரும்பும்போது பேசிக்கொள்வோம். அதாவது, ஊர் மாறவில்லையே என்று அழுதவர்களும் நாங்கள்தான்.

இரவில் மொட்டைமாடியில் படுத்தால் மேற்கே வானத்தின் ஓரம் வெளிச்சமாகத் தெரியும். அது நெய்வேலி. நாங்கள் படுத்திருந்தது கரண்ட் போனதால். 2008க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழ்நாடே இருட்டில் கிடந்தபோது மற்ற ஊர்க்காரர்கள் புதிதாக அனுபவித்ததை நாங்கள் பழைய அனுபவத்தோடு எதிர்கொண்டோம். அந்த முதல் மின் நிலையத்தை 2020 செப்டம்பரோடு மூடிவிட்டார்கள். டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்த நண்பர் ஒருவர் இப்போது என்னைவிட அதிகமாகப் புலம்புகிறார். பழைய குவார்ட்டர்ஸ், பழைய மரங்கள், பழைய புகைபோக்கி எல்லாம் போயிற்றாம். அந்த டவுன்ஷிப் எந்த ஊர்களின் மேல் கட்டப்பட்டதோ அந்த ஊர்க்காரர்கள் அவருக்கு முன்பே வரிசையில் நிற்கிறார்கள் என்று சொல்ல வாய் வந்தது. நண்பர் ஆயிற்றே, விட்டுவிட்டேன்.

அந்த வரிசையில் என் அத்தை இருக்கிறார். அவரைக் கட்டிக்கொடுத்த கிராமம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. வீடு, களம், மாரியம்மன் கோயில், ஏரிக்கரை எல்லாம் போய், மாற்றிடத்தில் ஒரு மனை கொடுத்தார்கள். ஊர் மாறிவிட்டது என்று நான் சொல்லும்போதெல்லாம் அத்தை வெற்றிலையை மடித்தபடி, "உன் ஊரு மாறித்தான் போச்சு. எங்க ஊரு மாறவே இல்ல, ஆழமா போயிருக்கு" என்பார். பழுப்பு நிலக்கரி எடுக்க மேல்மண்ணை முதலில் வாரி எறியவேண்டும், அடியிலிருந்து பீறிடும் தண்ணீரை இரவு பகலாக இறைக்கவேண்டும். அந்தத் தண்ணீர் வாலாஜா ஏரிக்கும் பரவனாறு வழியாகப் பெருமாள் ஏரிக்கும் போய், கீழே நெல் விளைகிறது. அதே தண்ணீரோடு மண்ணும் போய் ஏரியைத் தூர்க்கிறது. வாழவைக்கிறவனே வம்பு செய்தால் யாரிடம் முறையிடுவது? பரவனாற்றையே வேறு வழியில் திருப்ப 2023 ஜூலையில் வளையமாதேவியில் பச்சை நெற்பயிருக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அத்தை ஒன்றுமே சொல்லவில்லை. சேனலை மாற்றச் சொன்னார்.

மாவட்டத்தின் பெயரே மாறிக்கொண்டிருந்த ஊர் எங்களுடையது. தென் ஆற்காடு மாவட்டம் என்று கடிதம் எழுதிப் பழகியவர்களை 1993இல் தென் ஆற்காடு வள்ளலார் மாவட்டம் என்று எழுதச் சொன்னார்கள். கை பழகுவதற்குள் கடலூர் மாவட்டம் என்றார்கள். என் அப்பா கடைசிவரை தென் ஆற்காடு என்றே எழுதினார். கடிதங்களும் போய்ச் சேர்ந்தன.

வள்ளலார் என்றதும் வடலூர். எங்களுக்கு அது கால்நடையாகப் போகும் தூரம். தைப்பூசத்துக்கு முந்தின இரவே கூட்டம் கூட்டமாக நடப்போம். ஏழு திரை விலகி ஜோதி தெரிவதற்காகப் போகிறோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது முன்னால் நிற்பவரின் முதுகு. எனக்குப் பிடித்தது சபைக்கு வெளியே கிடந்த பெருவெளி. அத்தனை ஜனம் வந்து உட்கார்ந்தாலும் நெரிசல் தெரியாது. 1867இல் தருமசாலையும் 1872இல் ஞானசபையும் எழுப்பிய மனிதருக்குப் பார்வதிபுரத்து ஜனங்கள் எண்பது காணி நிலம் கொடுத்தார்கள். அவ்வளவு நிலம் கையில் கிடைத்தும் பெரும்பகுதியை அவர் சும்மா விட்டு வைத்தார். நம் காலத்தில் இது புரிந்துகொள்ளக் கடினமான குணம். 2024 பிப்ரவரியில் அந்த வெளியில் சுமார் நூறு கோடி ரூபாய்ச் செலவில் வள்ளலார் பன்னாட்டு மையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். பார்வதிபுரத்துக்காரர்கள் தடுத்தார்கள், வழக்கு உயர் நீதிமன்றம் போனது. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்குத் தங்க, படிக்க வசதி வேண்டாமா என்று ஆதரிப்பவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மைதானம் இருக்கட்டும், மையத்தைப் பக்கத்தில் கட்டுங்கள் என்றார்கள் எதிர்த்தவர்கள். அதில் என்ன தவறு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. காலியாகக் கிடப்பதும் ஒரு உபயோகம் என்று கோப்பில் எழுத நம்மிடம் பத்தி கிடையாது போலும்.

காலி இடம் என்றதும் முந்திரித் தோப்புகள். செம்மண் காட்டில் பள்ளி விடுமுறையில் பழத்தைக் கடித்துத் தொண்டை கரகரத்து, சட்டையில் கறை படிந்து, வீட்டில் அடி வாங்காத பையன் எங்கள் வகுப்பில் இல்லை. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் அடித்தபோது பாட்டன் நட்ட மரங்கள் வேரோடு சாய்ந்தன. மறுபடி நட்டால் காய்க்கச் சில வருடம் ஆகும். அதுவரை என்ன தின்பது என்று யோசித்தவர்களிடம் மனைத் தரகர்கள் வந்தார்கள். இப்போது ரோட்டோரம் வண்ணக் கற்கள், வளைவு, கொடிகள், ஏதாவது ஒரு நகர். வாங்குபவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. ஓய்வு பெற்றபின் ஊரோடு வந்து, பழைய அமைதியில் இருக்கலாம் என்று ஆளுக்கொரு மனை வாங்கிப் போட்டிருக்கிறோம். வேலி போட்டு, வேப்பங்கன்று நட்டு, அது காய்ந்ததும் மறுபடி நட்டு.

டாக்கீஸ் மண்டபமாகிவிட்டது, மீட்டர் கேஜ் ரயில் போய் அகல ரயில் வந்துவிட்டது. இவற்றைப் பற்றியும் அழலாம். ஆனால் பழைய டாக்கீஸில் மூட்டைப்பூச்சி என்பதும் பழைய ரயில் வரும் நேரத்தை ஸ்டேஷன் மாஸ்டரே சத்தியம் செய்து சொல்லமாட்டார் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

எனக்கு ஆறாமல் இருப்பது கைலி மட்டும்தான். எங்கள் தெருவில் நெய்தது சிங்கப்பூரில் இடுப்பில் இருக்கும் என்று பெரியவர்கள் பெருமை பேசுவார்கள். கைத்தறியில் மட்டுமே நெய்யவேண்டிய துணிகள் எவை என்று 1985இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியது. முதலில் இருபத்திரண்டு வகை, பிறகு பதினொன்றாகச் சுருங்கியது. சுருங்கியும் லுங்கி அந்தப் பட்டியலில் நிற்கிறது. சட்டம் நிற்கிறது, பட்டியல் நிற்கிறது, கடையில் விசைத்தறி லுங்கி தொங்குகிறது. ஆகஸ்ட் 7 கைத்தறி நாளன்று எல்லோரும் கைத்தறி உடுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அரசாங்கம் கைத்தறிக்காரருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம் என்கிறது, விசைத்தறிக்கு 1000. கையால் நெய்கிறவருக்குக் கரண்ட் எதற்கு என்று கேட்டேன். "குழியில வெளக்கு வேணாமா? கண்ணு தெரியணும்ல" என்றார் மாமா.

இந்த முறை அவரிடம் ஒரு செய்தி கொண்டுபோனேன். புதுச்சேரியில் ஒரு விடுதியில் வரவேற்பு அறையின் நடுவே பழைய தறி ஒன்றை முழுசாக நிறுத்தி, மேலே மஞ்சள் விளக்கு போட்டு, நாடாவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

"அங்க யாரு நெய்யறது?"

"நெய்யறதுக்கு இல்ல மாமா. வந்து தங்கறவங்க பாக்கறதுக்கு."

"பாக்கறதுக்குக் கூலி எதாச்சும் குடுக்கறாங்களா?"

"பாக்கறவங்கதான் குடுக்கணும். ஒரு ராத்திரி தங்க, நீங்க மாசம் பூரா நெய்யற கூலி ஆவும்."

மாமா கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். பிறகு சத்தத்தைத் தாழ்த்தி, "நம்ம தெருவுல இன்னும் மூணு தறி கெடக்குது. அவங்க நம்பர் இருந்தா குடுத்துட்டுப் போ" என்றார்.