இடைவெளி இலக்கணம்: பீட்டில் எஞ்சினை வீட்டில் பிரித்துக் கட்டும் முறை

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் எஞ்சின் எதனால் ஆனது என்று கேட்டால், மெக்னீசியக் கலவை, வார்ப்பிரும்பு, அலுமினியம் என்று அடுக்குவார்கள். அது பாதி விடை. அந்த எஞ்சின் இடைவெளிகளாலும் ஆனது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே 0.04 முதல் 0.06 மில்லிமீட்டர். வால்வுத் தண்டுக்கும் அதைத் தட்டும் ராக்கருக்கும் நடுவே 0.15. பற்றவைப்புப் பாயின்ட்டின் இரு முகங்களுக்கு நடுவே 0.4. எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று நாம் சொல்வதன் பொருள், இவற்றில் பல பெருத்துவிட்டன என்பதே. அவற்றை உரிய அளவுக்குத் திருப்புவதுதான் எஞ்சின் கட்டும் வேலை. நட்டைக் கழற்றுவதும் மாட்டுவதும் அதற்கான ஏவல் வேலைகள்.

இந்த இலக்கணத்தைப் பயில ஏன் பீட்டில்? 1930-களில் ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் குழுவில் ஃப்ரான்ஸ் ரைம்ஷ்பீஸ் வகுத்த இந்த எஞ்சினில் தண்ணீரும் இல்லை, ரேடியேட்டரும் இல்லை. பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கழன்று வரும். தேய்ந்தால் பிஸ்டனோடு சேர்த்து நான்கையும் புதிதாக வாங்கிப் போடலாம். முழு எஞ்சினையும் கியர்பாக்ஸோடு பிணைப்பவை நான்கே நான்கு போல்ட்டு நட்டுகள். 1969-இல் ஜான் மியூர் என்ற பொறியாளர், பீட்டர் அஷ்வாண்டனின் படங்களோடு, இந்தக் காரைப் பழுதுபார்க்கும் கையேடு ஒன்றை எழுதினார். ஸ்பேனர் பிடித்தறியாதவர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட நூல் அது. அமெரிக்காவில் எத்தனையோ பேர் அதைக் காருக்கடியில் விரித்து வைத்துக்கொண்டு எஞ்சினை இறக்கினார்கள். தொழில்நுட்ப நூல்களில் அதற்கு உயர்ந்த இடம் தர வேண்டும் என்பது என் துணிபு.

இறக்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலில் பேட்டரியின் இணைப்பை எடுக்க வேண்டும். பெட்ரோல் குழாயை அடைத்து, ஆக்சிலரேட்டர் கேபிளையும் ஹீட்டர் இணைப்புகளையும் மின்கம்பிகளையும் கழற்றி, காரின் பின்பக்கத்தை உயர்த்தி உறுதியான ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள எஞ்சினை ஜாக்கியில் தாங்கி, பின்னோக்கி இழுத்து, கியர்பாக்ஸ் தண்டு கிளட்சை விட்டு முழுதும் வெளிவந்த பிறகே கீழே இறக்க வேண்டும்.

பிரித்ததும் பலருக்கு உதிரிப்பாகக் கடை நினைவு வந்துவிடுகிறது. அதற்கு முன் வர வேண்டியவை மண்ணெண்ணெயும் அளவுகோலும். கழுவாத பாகத்தை அளந்தால் கிடைப்பது அழுக்கின் அளவு. கிராங்க் தண்டைச் சாணை பிடிப்பதும், கிராங்க் கேஸின் பேரிங் துளைகளை நேர்கோட்டில் மறுபடி குடைவதும் லேத்துப் பட்டறைக்கு உரியவை. வீட்டில் முயலக் கூடாது. ஆனால் எதைப் பட்டறைக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பது வீட்டுக்காரரின் மைக்ரோமீட்டர். புதுப் பாகத்தையும் அளக்க வேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்டது பெட்டியைப் பற்றிய செய்தி மட்டுமே.

இடைவெளிகளில் சில சுழியமாக இருக்க வேண்டியவை. இந்த எஞ்சினின் கிராங்க் கேஸ் நெடுக்காக இரண்டு பாதிகளாகப் பிளந்திருக்கும். நடுவே கேஸ்கெட் கிடையாது. ஏன் கிடையாது? கேஸ்கெட்டின் தடிப்பு பாதிகளை விலக்கும். விலகினால் பேரிங் துளைகள் வட்டமாக இரா. துளை வட்டமாக இல்லாவிட்டால் பேரிங் பிடிப்போடு உட்காராது. ஆகவே மெல்லிய பூச்சு மட்டுமே தடவ வேண்டும். மூடுவதற்கு முன் ஒவ்வொரு பேரிங்கின் துளையும் அதற்குரிய முளைமேல் அமர்ந்திருக்கிறதா, கேம் பல்சக்கரத்தின் புள்ளி கிராங்க் பல்சக்கரத்தின் இரு புள்ளிகளுக்கு நடுவே நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பெரிய நட்டுகளை 34 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறையாக இறுக்கிய பின் கிராங்க் கையால் தடையின்றிச் சுழல வேண்டும். சுழலாவிட்டால் மறுபடி பிரிப்பதே வழி. ஓட ஓடச் சரியாகிவிடும் என்பார் பேச்சைக் கேட்கக் கூடாது.

இனி வருவது இந்த இலக்கணத்தின் மிக அழகிய அதிகாரம்: கிராங்கின் முன்பின் அசைவு. அது 0.07-க்குக் குறையவும் 0.13-க்கு மிகவும் கூடாது. குறைந்தால் எஞ்சின் சூடேறும்போது பேரிங்கின் பக்கவாட்டு முகம் நெரிபடும். மிகுந்தால் ஒவ்வொரு முறை கிளட்சை மிதிக்கும்போதும் தண்டு நகர்ந்து கேஸை இடிக்கும். இதை அமைப்பவை ஃப்ளைவீலுக்கு உட்புறம் இடும் ஷிம் எனும் மெல்லிய வளையங்கள். எப்போதும் மூன்று இட வேண்டும். முதலில் ஆயில் சீல் இல்லாமல் இரண்டு ஷிம் மட்டும் போட்டு, ஃப்ளைவீலை இறுக்கி, டயல் கேஜால் அசைவை அளக்க வேண்டும். வந்த அளவில் 0.10 கழித்தால் மூன்றாவது ஷிம்மின் தடிப்பு கிடைக்கும். 0.44 வந்தால் 0.34 ஷிம். ஒரு கழித்தல் கணக்கு, இரும்புத் தண்டுக்கு அது நடமாட வேண்டிய எல்லையை வகுத்துக் கொடுக்கிறது. எத்தனை முறை செய்தாலும் எனக்கு இதில் மகிழ்ச்சி குறைவதில்லை. பிறகு எல்லாவற்றையும் கழற்றி, சீலையும் மூன்று ஷிம்மையும் இட்டு, அந்த ஒற்றைப் பெரிய நட்டை மறுபடி இறுக்க வேண்டும். அதற்குரிய விசை, ஒரு மீட்டர் நீளக் குழாயின் நுனியில் 35 கிலோ எடை தொங்கினால் உண்டாவது.

பிஸ்டன் ரிங்கின் வாய்க்கும் இடைவெளி உண்டு. மேல் ரிங்குக்கு 0.30 முதல் 0.45. ரிங்கைச் சிலிண்டருக்குள் பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாயில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்க வேண்டும். இடம் போதாவிட்டால், வெப்பத்தில் நீளும் ரிங்கின் இரு முனைகளும் முட்டி, ஒடிந்து, சிலிண்டரைக் கீறும்.

வால்வு இடைவெளியை எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போதே வைக்க வேண்டும். இறுக்கமாக வைத்தால் சத்தம் குறையும். சத்தம் குறைந்ததைப் பலர் நலம் என்று கொள்கிறார்கள். உண்மையில் எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கையில் அமரும் நேரத்தில்தான் சூட்டின் பெரும்பகுதியை அதற்குக் கொடுத்து ஆறுகிறது. அமராத வால்வு கருகும். கருகியது தலை ஒடிந்து பிஸ்டன்மேல் விழும். மூன்றாம் சிலிண்டருக்கு இந்த ஆபத்து கூடுதல். பழைய வடிவத்தில் ஆயில் கூலர் அதற்கு வர வேண்டிய காற்றின் பாதையிலேயே நின்றது. 1971 மாடலில்தான் கூலரை அங்கிருந்து ஒதுக்கினார்கள். இதே காரணத்தால் எஞ்சினைப் போர்த்தியிருக்கும் தகடுகளை ஒன்றுவிடாமல் திரும்ப மாட்ட வேண்டும். ஒரு தகடு குறைந்தாலும் விசிறியின் காற்று வழிமாறும்.

மாட்டுவது கழற்றியதன் மறுதலை. கிளட்ச் தட்டு மட்டும் நடுமையத்தில் நிற்க வேண்டும். எஞ்சினின் எடை ஒரு கணமும் கியர்பாக்ஸ் தண்டில் தொங்கக் கூடாது. தொங்கினால் தட்டு வளையும். போகாத இடத்தில் போல்ட்டால் இழுத்து முடுக்காமல், ஜாக்கியை ஏற்றி இறக்கியே வழி காண வேண்டும்.

இரண்டரை லிட்டர் ஆயில் ஊற்றி, பற்றவைப்பு மின்சாரத்தைத் துண்டித்து, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் சுற்ற வேண்டும். பின் இணைப்புக் கொடுத்து உயிர்ப்பித்ததும் கேம் தண்டு புதிதென்றால் முதல் இருபது நிமிடம் வெற்றோட்டத்தில் விடாமல் 2000 சுற்று வேகத்தில் ஓட்ட வேண்டும். அடுத்த நாள் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வுகளை மறுபடி அளந்து, ஆயிலை வடித்து, அடியிலுள்ள சல்லடையைக் கழற்றி, அதில் உலோகத் துகள் ஏதும் தங்கியிருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும்.