களிம்பாருக்கு ஒரு வாழ்த்துமடல்

பௌத்திர ஆபரேஷனுக்குப் பின் புண்ணாற்ற வந்த பெருமகனே, மருந்துக்கடையின் முன்வரிசையில் வீற்றிருப்பவரே!

முதலில் உம் குலப்பெருமை. பிரான்ஸ் மன்னர் 14ஆம் லூயிக்குப் பௌத்திரம் வந்தபோது, பற்றும் பூச்சுமாக உம் முன்னோர் மாதக்கணக்கில் அரண்மனையில் செல்வாக்கோடு இருந்தார்கள். 1686 நவம்பர் 18 அன்று ஃபெலிக்ஸ் என்ற அறுவை மருத்துவர் கத்தி எடுத்த பிறகுதான் மன்னருக்கு விடிந்தது. அவர்கள் கத்திக்கு முன்னால் வந்து தோற்றார்கள்; நீரோ கத்திக்குப் பின்னால் வந்து வெல்கிறீர். பிழைக்கத் தெரிந்த பிள்ளை!

சீழ் ஓடிய பாதையைக் கீறித் திறந்த சர்ஜன், தையல் போடாமல் புண்ணை அப்படியே விடுகிறார். அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வரவேண்டும், வாரக்கணக்கில் ஆகும் என்கிறார். அதற்காக நோயாளி தினமும் வெந்நீர் டப்பில் உட்காருகிறார். இசப்கோல் கரைத்துக் குடிக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டு மாற்றிக்கொள்கிறார். கடைசியில் புண் ஆறியதும் மாலை உம் கழுத்தில் விழுகிறது. கூச்சமே இல்லாமல் ஏற்றுக்கொள்ளும் அந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்!

உம்மைப் பூசும் அழகே தனி. குளியலறையில் ஒரு கையில் கண்ணாடி, மறுகை விரல் நுனியில் பட்டாணி அளவு நீர். புண்ணோ உள்ளே ஆழத்தில் கிடக்கிறது. நீர் வாசலிலேயே நின்று நலம் விசாரித்துவிட்டு, பாதியை உள்ளாடைக்குத் தானம் செய்துவிடுகிறீர். வள்ளல்!

சில சமயம் ஸ்டீராய்டையும் லிக்னோகைனையும் பரிவாரமாக அழைத்துக்கொண்டு எழுந்தருளுகிறீர். ஸ்டீராய்டு வீக்கத்தைத் தணிக்கிறது. கூடவே புது சதை வளர்வதையும் தணிக்கிறது. எவ்வளவு சமநோக்கு! லிக்னோகைனோ, உள்ளே ஏதோ சரியில்லை என்று வலி சொல்ல வந்தால், நோயாளியின் தூக்கம் கெடாதபடி அதன் வாயைப் பொத்திவிடுகிறது. மேல்தோல் மூடியதும் உம்மை நம்பி அவர் செக்கப்புக்குப் போவதை நிறுத்துகிறார். உள்ளே குழி தூராமல் இருந்தால் மறுபடி சீழ் கட்டும், மறுபடி ஆபரேஷன். சர்ஜன் குடும்பத்தின்மேல் உமக்குத்தான் எத்தனை அக்கறை!

உம் சுற்றத்தில் சுக்ரால்ஃபேட் என்றொரு அப்பாவி உண்டு. வயிற்றுப் புண்ணுக்குக் கொடுக்கும் மருந்து. அதைக் களிம்பாக்கி, மருந்தே கலக்காத வெறும் பசையோடு போட்டியிட வைத்த இந்திய ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. சுக்ரால்ஃபேட் முந்தியது உண்மைதான். ஆனால் வெறும் பசையைப் பூசியவர்களிலும் பெரும்பாலோருக்கு ஆறு வாரத்தில் புண் ஆறிவிட்டது! பரீட்சை எழுதினால் இப்படியெல்லாம் குட்டு வெளிப்படும் என்று அறிந்து, அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காத உம் உடன்பிறப்புகளின் முன்யோசனையை எப்படிப் பாராட்டுவது!

ஆறிய நோயாளி டீக்கடையில் பக்கத்து வீட்டுக்காரரிடம் காலி டியூபைக் காட்டுகிறார்: “ஆபரேஷனெல்லாம் எதுக்குண்ணே? இதைப் போடுங்க, போதும்.” அந்த அண்ணனும் வாங்கப் போகிறார். அவருடைய பௌத்திரமும் உம் புகழும் சேர்ந்தே வளரட்டும்!