கோட்டு போட்ட கானா

வட சென்னையில ஒரு சாவு விழுந்தா, ராத்திரி பாட கானாக்காரர் வந்துருவார். செத்தவரைப் போல ஒரு ரசிகர் அவருக்கு எங்கே தேடினாலும் கிடைக்காது. விடிய விடிய படுத்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார். மயிலாப்பூர் சபாவுல தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சதும் கேன்டீன் பக்கம் நழுவுற கூட்டத்தைப் பார்த்தவங்களுக்குத்தான் இந்த மரியாதையோட அருமை தெரியும்.

90கள்ல தேவா புண்ணியத்துல கானா சினிமாவுக்குப் போச்சு. கல்யாண வீட்டு மாமாக்கள்கூட வேட்டியை மடிச்சுக் கட்டி ஆடினாங்க. ஆடி முடிச்சு வேர்வையைத் துடைச்சதும், "ச்சே, பேட்டைப் பாட்டு"ன்னுட்டுப் பந்திக்குப் போயிட்டாங்க.

2017ல சினிமா இயக்குநர் பா. இரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து ஆள் திரட்டினாங்க. குழுவுக்குப் பேர் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. பேர்தான் இங்கிலீஷ், சரக்கு சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசரோடது. மனுஷர் 1907லயே ராயப்பேட்டையில பத்திரிகை ஆரம்பிச்சு, தலைப்புலயே விலையைப் போட்டவர்: 'ஒரு பைசாத் தமிழன்'. பேரம் பேச வழியே இல்லை.

2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம் பெயின்ஸ் பள்ளி மைதானத்துல முதல் கச்சேரி. மார்கழி முடிய இன்னும் ஒரு வாரம் பாக்கி. மேடையில கானாக்காரங்க சாம்பல் நிறக் கோட்டு சூட்டுல நிக்கிறாங்க. கைலியை எதிர்பார்த்த கண்ணுக்கு முதல் அடி அதுதான். ஒரு பக்கம் எலெக்ட்ரிக் கிட்டார், டிரம்ஸ். இன்னொரு பக்கம் பறை, டோலக், சட்டி. இது ராக்கா, கானாவான்னு கேட்கலாம். ஆனா சட்டி மேல குச்சி விழுற வேகத்துல நம்ம கேள்வி நமக்கே கேட்காது. பாட்டு எதைப் பத்தி? மாட்டுக்கறி, இடஒதுக்கீடு. காதல் தோல்விக்குக் கண்ணைக் கசக்கத் தயாரா இருந்தவங்க பாடு திண்டாட்டம்.

முதல் பாட்டுலயே வம்பை இழுக்கிறது புதுசில்லை. 1967ல இங்கிலாந்து ராக் குழு பிங்க் ஃப்ளாய்டு விட்ட முதல் இசைத்தட்டு 'அர்னால்டு லேன்', கொடியில காயுற பொம்பளைங்க துணியைத் திருடுறவன் கதை. நடுக்கடல்ல கப்பலை நிறுத்தி, லைசென்ஸே இல்லாம ஒலிபரப்பிட்டிருந்த ரேடியோ லண்டன், "ஐயோ, அசிங்கம்"னு அதைத் தடை பண்ணுச்சு. திருட்டு வானொலிக்குத் துணித் திருடன் ஆகலை! பாட்டு எப்படியோ இங்கிலாந்து வரிசையில 20வது இடம் வரைக்கும் ஏறிடுச்சு.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். மார்கழியைச் சபாக்காரங்க குத்தகைக்கு எடுத்திருக்கிறதா ஒரு நம்பிக்கை. பத்திரத்தை யாரும் பார்த்ததில்லை. 2020 டிசம்பர்ல நீலம் 'மார்கழியில் மக்களிசை'ன்னு தனி விழாவே தொடங்கிடுச்சு. அதே வருஷம், கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்ல கானா பாடின ராயபுரத்துப் பொண்ணு இசைவாணியை, உலகத்தின் 100 பெண்கள் பட்டியல்ல பிபிசி சேர்த்துச்சு.

ராயபுரத்துலேர்ந்து மயிலாப்பூர் சுமார் பத்து கிலோமீட்டர். லண்டன்தான் முதல்ல வந்து சேர்ந்துச்சு.