வீட்டுக்காரர் வரலையா?

கேள்வி: அந்தமான் போக ஆசை. என் கணவருக்கோ கடலைக் கண்டாலே குமட்டல். "நீ வேணும்னா போயிட்டு வா" என்கிறார். தனியாகப் போகலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அவர் மனசு மாறுவதற்குள் டிக்கெட்டைப் போடுங்கள். சென்னையிலிருந்து கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். விமானத்தில் இரண்டேகால் மணி நேரம் போல ஆகும். நீங்கள் போய் இறங்கும் போர்ட் பிளேர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஹேவ்லாக்கும் 2018 முதல் ஸ்வராஜ் தீவு. ஊரில் தமிழர்கள் நிறைய. "தனியாவா வந்தீங்க? வீட்டுக்காரர் வரலையா?" என்று நல்ல தமிழிலேயே விசாரிப்பார்கள். பதிலை இங்கேயே யோசித்துக்கொண்டு போங்கள். அறை வாடகை மட்டும் கொஞ்சம் உறுத்தும். வராதவருக்கும் சேர்த்துத்தான் பெரும்பாலும் வாங்குவார்கள்.

ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்கு மாலை நான்குக்கே போய்விடுங்கள். அங்கேயும் நம் கடிகாரம்தான் என்பதால், டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் ஷட்டரை இறக்கிவிடும்.

ஸ்கூபா டைவிங் போனால், மீனைப் பார்த்த குஷியில் கட்டைவிரலை உயர்த்திவிடாதீர்கள். தண்ணீருக்குள் அதற்கு 'சூப்பர்' என்று அர்த்தமில்லை. 'மேலே போகலாம்' என்று அர்த்தம். பயிற்சியாளர் உடனே கரைக்குக் கூட்டிவந்துவிடுவார், கட்டணம் போச்சு! கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையம் காட்டினால்தான் 'எல்லாம் நலம்'. உள்ளே இருக்கும் வரை யாரும் உங்களிடம் "பைக் சாவி எங்கே?" என்று கேட்க முடியாது.

கரையேறிப் போனைப் பார்த்தால் மிஸ்டு கால் வரிசையாக நிற்கும். கிளம்புமுன் புளி டப்பா எங்கே இருக்கிறது என்று அவருக்குக் காட்டிவிட்டுப் போங்கள்.