பொட்டியத் தொறந்து பாரு மாப்ளே

ஏன் மாப்ளே, நெசமாத்தான் கேக்குறேன், அந்தக் கம்ப்யூட்டரு ஒனக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு? பட்டா நகல் எடுக்க வந்த ஆளை உக்கார வச்சிட்டு சுவிச்சப் போடுற. அவரு வெளிய போயி டீ குடிச்சு, பெரியகுளம் எறங்குற ஜீப்பு கெளம்பிருச்சான்னு எட்டிப் பாத்து, திரும்பி வந்து உக்காந்தாலும் திரையில வட்டம் சுத்திக்கிட்டுத்தான் கெடக்கு. நீ என்னடான்னா, "மாமா, 7000 எம்.பி. வேகத்துல எஸ்.எஸ்.டி. வந்திருக்கு, வாங்கி மாட்டுனா பறக்கும்"ங்குற. பறக்கட்டும்யா. நான் காப்பிச் செடிக்குக் கவாத்து எடுக்குற பய, எனக்கென்ன தெரியும்?

தெரியாதவன் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பொட்டியோட பக்கத்துத் தகரத்தக் கழட்டி உள்ள என்ன இருக்குன்னு என்னைக்காச்சும் பாத்திருக்கியா? ரெண்டு ஸ்க்ரூதான். எட்டுக்கால் பூச்சி வலையத் தொடச்சிட்டுப் பாத்தியன்னா, மதர்போர்டு மேல எச்61-னு போட்டிருக்கும். நம்ம பக்கம் 2011, 12-ல சீப்பா வாங்குன பொட்டியில இந்தப் போர்டு நெறையக் கெடக்கு. அதுல இருக்குற சாட்டா வாசல் நொடிக்கு 3 ஜிகாபிட்டு விடும். கழிவெல்லாம் போக 270, 280 எம்.பி. கையில வரும். அதே காலத்துல கூட நாலு காசு போட்டு வாங்குன போர்டா இருந்தா ஒண்ணு ரெண்டு வாசலாச்சும் 6 ஜிகாபிட்டா இருக்கும். அதுல 550 வரைக்கும் போகும். நீ சொல்ற 7000 இருக்கே, அது எம்.2-ங்குற ஒல்லிக் குச்சி. அதைச் சொருக ஒன் போர்டுல எடமே கெடையாது. அடாப்டர் கார்டுல வச்சு மாட்டலாம்னு கடையில சொல்லுவாய்ங்க. மாட்டலாம்தான். பொட்டியக் கெளப்புற பழைய பயாஸு அதுல இருந்து விண்டோஸக் கெளப்ப மாட்டேன்னு அடம் புடிக்கும். அப்பறம் எங்கிட்ட வந்து மூஞ்சியத் தொங்கப் போடுவ.

கும்பக்கரையில இருந்து நம்ம ஊரு அடுக்கத்துக்கு ஏறுற ரோட்டுல நீ எம்புட்டுப் பெரிய வண்டியக் கொண்டாந்து விட்டாலும் வளைவுல ரெண்டாவது கியருதான். மழையில மண்ணு சரிஞ்சா அதுவும் கெடையாது, பெருமாள்மலையச் சுத்தித்தான் வரணும். வண்டியக் குத்தஞ்சொல்லி என்ன பண்ண? ஒன் போர்டு வாசலும் அந்த ரோடு மாதிரித்தான்.

அப்ப 280-க்காகவா காசு செலவு பண்றதுன்னு மொறைக்காத. இங்கதான் சூட்சுமம் இருக்கு. இப்ப ஓடுற ஹார்டு டிஸ்க்கு இருக்கே, உள்ள தட்டு ஒண்ணு நிமிஷத்துக்கு 7200 சுத்து சுத்துது, நொடிக்கு 120. ஒரு பைல் வேணும்னா, மொதல்ல ஊசிக் கை அந்த எடத்துக்கு நகரணும், அப்பறம் தட்டு சுத்தி அந்தப் பக்கம் வார வரைக்கும் காத்துக் கெடக்கணும். ரெண்டும் சேந்தா ஏறத்தாழ 12 மில்லி செகண்டு. அப்டின்னா நொடிக்கு 80 தடவ எடுத்துக் குடுத்தாலே அது பெருசு. விண்டோஸு எந்திரிச்சு ஒக்கார ஆயிரக்கணக்குல சின்னச் சின்னத் துண்டு கேக்கும். நீ காதை வச்சுக் கேட்டிருப்பியே, கறுக் கறுக்குன்னு, அதான் அது. எஸ்.எஸ்.டி.யில நகர்றதுக்கும் சுத்துறதுக்கும் ஒண்ணுமே இல்ல. அந்தப் பழைய வாசல்லயே மாட்டுனாலும் நொடிக்குப் பல ஆயிரம் துண்டு அள்ளிக் குடுத்துரும். அட்டையில போட்டிருக்குற எம்.பி. கணக்கு படம் காப்பி பண்றவனுக்கு. ஒனக்கு வேண்டியது இந்தத் துண்டுக் கணக்கு.

எஸ்.எஸ்.டி.க்குள்ள தகவலச் சேத்து வைக்கிற நாண்ட் மெமரிய தோஷிபா கம்பெனியில இருந்த புஜியோ மசுவோகாங்குற ஜப்பான்காரரு 1987-லயே ஒலகத்துக்குக் காட்டிட்டாரு. நாப்பது வருசம் ஆகப்போகுது, ஒன் பொட்டிக்கு மட்டும் இன்னும் மலையேறி வந்து சேரல.

கடைக்குப் போனா "வேகமா ஒண்ணு குடுங்க"ன்னு நிக்காத, தலையில கட்டிருவாய்ங்க. "2.5 இஞ்சு சாட்டா"ன்னு சொல்லு. 2011-ல ஆரம்பிச்சு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு கவர்மெண்டு குடுத்துச்சே லேப்டாப்பு, அதுக்குள்ள இருந்த டிஸ்க்கு சைசுதான். ஒன் பொட்டியில டிஸ்க்கு மாட்டுற எடம் 3.5 இஞ்சுக்குப் போட்டது. அதுக்கு ஒரு பிராக்கெட்டு விக்கிறான். வாங்க மனசில்லன்னா ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்பப் போட்டு ஒட்டி விடு. சுத்துற சாமானே இல்லாததுக்கு ஆட்டம் எங்குட்டு வரும்?

உள்ள டி.எல்.சி.யா கியூ.எல்.சி.யான்னு கேளு. ஒரு அறையில மூணு பிட்டு வைக்கிறது மொதலாவது, நாலு பிட்டத் திணிக்கிறது ரெண்டாவது. திணிச்சது எழுதுறப்ப மூச்சு வாங்கும், ஆயுசும் கம்மி. எது எங்க கெடக்குன்னு குறிச்சு வைக்க டி-ரேம் தனியா இருந்தா இன்னும் நல்லது. சாம்சங் 870 ஈவோவுல டி.எல்.சி.யும் இருக்கு, டி-ரேமும் இருக்கு. குரூஷியல் பி.எக்ஸ்.500-ல டி-ரேம் கெடையாது, வெலை கம்மி. நீ அடிக்கிற மனுவுக்கு ரெண்டாவதே எதேஷ்டம். எங்கக்கா மகனாச்சேன்னு சொல்றேன், கவுரவத்துக்குப் பெருச வாங்கி கடன்காரனா நிக்காத.

எழுதி எழுதித் தேஞ்சு போகும்னு ஒன்னைய எவனோ பயங்காட்டியிருக்கான். அந்த 870 ஈவோவுல 250 ஜி.பி. உள்ளதுக்கு 150 டி.பி. எழுதுற வரைக்கும், இல்லன்னா அஞ்சு வருசம், கம்பெனி பொறுப்பு. நாளைக்கு 20 ஜி.பி. எழுதுனாலும் 150 டி.பி. தீர 20 வருசம் ஆகும். ஒரு நாளைக்கு ஒனக்கு எத்தனை பேரு மனு எழுத வாராய்ங்கன்னு நான் ஊருக்குள்ள சொல்ல மாட்டேன், பயப்படாத.

240-னு அட்டையில போட்டிருக்கும், கம்ப்யூட்டரு 223-னு காட்டும். கடைக்காரரோட மல்லுக்கு நிக்காத. கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணுறான், விண்டோஸு 1024, 1024-ஆ எண்ணுது. ஆனா போன்ல வெளம்பரம் வருமே, 16 டி.பி. ரெண்டாயிரம் ரூவான்னு, அங்க மட்டும் தாராளமாச் சண்ட போடு. உள்ள ஒரு சின்ன மெமரி கார்ட ஒட்டி வச்சு, அளவ மட்டும் பொய்யாச் சொல்ல வச்சிருப்பான். நெறையுற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிடும், நெறஞ்சப்பறம் பழசு மேலயே எழுதிரும். எச்2டெஸ்ட்-டபிள்யூன்னு ஒரு ஓசி புரோகிராம் இருக்கு; முழுசும் எழுதித் திருப்பிப் படிச்சுப் பாத்து திருடனக் காட்டிக் குடுத்துரும்.

எஸ்.எஸ்.டி.ய மாட்டுனதும் பயாஸுல சாட்டா மோடு ஐ.டி.இ.ன்னு இருந்தா ஏ.எச்.சி.ஐ.க்கு மாத்திட்டு அப்பறம் விண்டோஸ ஏத்து. ஏத்திட்டு மாத்துனா நீலத் திரையில போயி நிக்கும். அந்த விண்டோஸும் யோசிச்சு ஏத்து. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட மைக்ரோசாப்ட்டு கைகழுவிருச்சு. 11 ஒன் பொட்டியப் பாத்து வாசல்லயே நில்லுங்கும். எட்டாந்தலமொற இன்டெல் வேணுமாம் அதுக்கு. லினக்ஸ் மின்ட்ட ஏத்திக்க, கேள்வி கேக்காம உக்காரும். அப்டியே ரேமு 4 ஜி.பி.யா இருந்தா 8 ஆக்கிரு.

நம்மூர் கரண்டு கண்ண மூடி முழிக்கிறது ஒனக்குத் தெரியாததில்ல. எழுதிக்கிட்டு இருக்கையில பொசுக்குன்னு போனா எஸ்.எஸ்.டி.க்கும் ஆகாது. அந்த யு.பி.எஸ். பேட்டரிய மாத்துடா, அதுக்கு மேல சாமி படத்த வச்சுட்டா சார்ஜ் ஏறிருமா?

பழைய ஹார்டு டிஸ்க்கத் தூக்கி எறிஞ்சிராத. அதையும் ரெண்டாவதா மாட்டி, கணக்கு வழக்க எல்லாம் அதுல ஒரு நகல் போட்டு வை. ஹார்டு டிஸ்க்கு சாகுறதுக்கு முன்னாடி பல நேரம் கடக் கடக்குன்னு கத்திச் சொல்லும். எஸ்.எஸ்.டி. ராத்திரி நல்லா இருக்கும், காலையில பாத்தா அப்டி ஒண்ணு மாட்டுனதாவே பொட்டி காட்டாது. உள்ள இருந்தத மீக்கவும் பெரும்பாடு.

அந்தப் பழசு என்னைக்காச்சும் மண்டையப் போட்டுச்சுன்னா காயலான் கடைக்குக் குடுத்துறாத. உள்ள ரெண்டு காந்தம் இருக்கு, வெரல நசுக்குற காந்தம். என் கவாத்துக் கத்தியச் செவுத்துல மாட்டி வைக்க ஆகும். இப்பவே சொல்லிட்டேன், அப்பறம் வேற எவனுக்காச்சும் குடுத்தா ஒங்காத்தாகிட்ட சொல்லிருவேன்.