முழு மதிப்பெண் வாங்கிய பூட்டு

பல்கலைக்கழகத்தில் பார்வையற்ற மாணவர்களுக்கென்று கணினி மையம் திறந்திருக்கிறார்கள். திறந்தவர் துணைவேந்தர், பூட்டியவர் பியூன். திறந்தது ஒரு நாள், பூட்டியது இன்றுவரை. வாசலில் பளிங்குக் கல்வெட்டு, அதில் பெரியவர்கள் பெயர் வரிசையாக. பிரெய்லில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. சாவி எச்.ஓ.டி.யிடம் இருக்கும். எச்.ஓ.டி. வைவா எடுக்க வெளியூர் போயிருப்பார். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். நீங்கள் எதை நினைத்தீர்களோ அதுதான்.

பிறகு எதற்குத் திறந்தார்களாம்? நாக் குழு வந்தது. தரச்சான்று தரும் அந்த அமைப்பின் அப்போதைய கையேட்டில் 7.1.7 என்று ஓர் இனம் இருந்தது. சாய்தளம் அல்லது லிஃப்ட், கழிப்பறை, வழிகாட்டிப் பலகை, உதவித் தொழில்நுட்பம், கடைசியாக, சொல்லச் சொல்லத் தேர்வெழுதித் தரும் ஸ்க்ரைப், பாடங்களின் மின்பிரதி வகையறா. ஐந்தில் நான்கு இருந்தால் முழு மதிப்பெண். ஆதாரம், இடக்குறி பதிந்த புகைப்படம். அட்சரேகை தீர்க்கரேகை சரியாக இருந்தால் போதும், பூட்டு படத்தில் விழாது. ஐந்தில் எதைக் கைகழுவுவது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. சாய்தளம் கட்டினால் டெண்டர் உண்டு, திறப்புவிழா உண்டு, சால்வை உண்டு. பாடக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் யாருக்கு என்ன கிடைக்கும்? மாணவனுக்குப் பாடம் கிடைக்கும். அதையெல்லாம் படம் பிடிக்க முடியுமா?

இத்தனைக்கும் அந்த மையமே தேவையில்லை. என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் இலவசம். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் எழுதத் தொடங்கியது, தமிழும் வாசிக்கும். மாணவர்கள் அதைப் பழைய லேப்டாப்பில் போட்டுக்கொண்டுதான் வகுப்புக்கே வருகிறார்கள். அது கேட்பது ஒன்றே ஒன்று, எழுத்தாக இருக்கும் எழுத்து. துறை தருவதோ ஜெராக்ஸின் ஜெராக்ஸை மொபைலில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் தள்ளிய பிடிஎஃப், ஓரத்தில் பேராசிரியரின் கட்டைவிரல் சகிதம். என்விடிஏ பக்கத்துக்குப் பக்கம் ‘வெற்று’ என்று அறிவிக்கிறது. சிலருடைய நோட்ஸைப் பொறுத்தவரை அது நல்ல விமர்சனமும்கூட.

தமிழ்த் துறை இன்னும் தாராளம். தட்டச்சு செய்த கோப்பே தருவார்கள், பாமினி எழுத்துருவில். பாமினியில் அடித்த ‘தமிழ்’ கணினிக்குள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கண்ணுக்குத்தான் தமிழ், திரைவாசிப்பானுக்கு ஆங்கிலக் குப்பை. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நாட்களிலேயே, தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. ஆணை துறைக்குள் வர இன்னும் பேருந்து கிடைக்கவில்லை. குறுந்தொகை படிக்க வந்த பெண் ஹெட்போனை மாட்டிக்கொண்டு செமஸ்டர் முழுக்க ‘ஜே கே பி ஓ செமிகோலன்’ கேட்டுக்கொண்டிருக்கிறாள். மாற்றித் தரும் நிரல்கள் இணையத்தில் சும்மா கிடக்கின்றன. ஐந்து நிமிட வேலை. ஐயாவிடம் கேட்டால், “ஏம்மா, கூடப் படிக்கிற பிள்ளைங்ககிட்ட சொல்லி வாசிக்கச் சொல்லேன்மா” என்கிறார். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தின மேடையில் தன்னம்பிக்கை பற்றி முக்கால் மணி நேரம் முழங்குபவரும் இதே ஐயாதான்.

நூலகத்தில் மின்பிரதி கேளுங்கள், காப்புரிமை என்பார்கள். பார்வையற்றோருக்காகப் புத்தகத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று 2012இலேயே காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியாயிற்று. இதற்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகத்திலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. நூலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் முழுப் புத்தகமும் ஸ்பைரல் போட்டுக் கிடைக்கிறது. அங்கே குறட்டை விடுகிற காப்புரிமை, கறுப்புக் கண்ணாடி போட்ட பையன் நூலகப் படியேறும்போது மட்டும் துள்ளி எழுந்துவிடுகிறது.

தேர்வு வந்தால் வேறு கூத்து. கட்டணம் கட்டும் இணையதளம் நெளிந்த எழுத்துகளைக் காட்டி, நீ மனிதனா இயந்திரமா என்கிறது. பார்க்க முடியாதவன் மனிதக் கணக்கில் வரமாட்டான். சொந்தமாக ஸ்க்ரைப் அழைத்து வந்தபோது, அவர் ஒரு படி குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்று, அப்போதிருந்த 2018ஆம் ஆண்டு மத்திய வழிகாட்டுதலை நீட்டினார்கள். அதே வழிகாட்டுதல், கூடுமானவரை கணினியில் எழுதும் வாய்ப்பும் தரச் சொன்னது. நமக்கு வந்த பிரதியில் அந்தப் பக்கம் மட்டும் சரியாக ஸ்கேன் ஆகவில்லை போலும்! லேப்டாப்பில் எழுதுகிறேன் என்றால் காப்பியடிப்பாய் என்கிறார்கள். ஆகவே முனைவர் பட்டத்துக்குப் போகவேண்டியவள், ‘இருத்தலியல்’ என்பதை ஸ்க்ரைப்புக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லியே நேரத்தைத் தொலைக்கிறாள். அரியர் அவள் பெயரில் விழுகிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடத்தை வாங்கித் தந்தது. உட்கார இடம் கிடைத்தது, படிக்கப் புத்தகம்தான் கிடைக்கவில்லை. அந்தச் சட்டத்தை முதல்முறை மீறினால் அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். திறப்புவிழாச் சால்வைகளுக்கே அதைவிடக் கூடுதலாக ஆகியிருக்கும். அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருப்பது செல்லாது, கட்டாய விதிகளை வகுக்க வேண்டும் என்று 2024 நவம்பர் 8இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பை ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் கோத்திருப்பார்கள்.

புகார் இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம், சம வாய்ப்பு மையம் இருக்கிறது. அறிவிப்புப் பலகையில் விதிமுறைகள் ஒட்டியிருக்கிறார்கள். மனுவை மாணவர் தம் கைப்பட எழுதித் தர வேண்டும். தட்டச்சு செய்த மனு ஏற்கப்படாது.